கடாரத்து மன்னனின் தமிழ்ப் பட்டயம்



‘கடாரம் கொண்டான்’ என்று இராசேந்திர சோழனுக்கு ஒரு பட்டம் இருந்ததை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். கடாரம் என்பது நம்முடைய கெடாதான் என்று ஆசிரியரும் சொல்லியிருப்பார். அத்துடன் மணி அடித்திருக்கும், பாடமும் முடிந்திருக்கும். அந்தக் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய புத்த விகாரம் கட்டினான் என்பதும், அதற்கு இராசேந்திரனின் தந்தை இராசராசன் ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுத்தான் என்பதும், அந்தத் தானப் பத்திரம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலேறி ஹாலந்து நாட்டுக்குப் போய்விட்டது என்பதும் பாடப் புத்தகத்தில் இடம் பெறுவதில்லை. ஆகவே இம்மாதம் உங்களை லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன். கப்பல் செலவு இல்லை!

லெய்டன் பல்கலைக்கழகம் 1575-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் நூலகம் 1587-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் கீழ்த்திசை மொழிகளின் சுவடிகளுக்குப் பெயர் போன இடங்களில் அது ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் துருக்கியில் ஹாலந்துத் தூதராக இருந்த லெவினஸ் வார்னர் என்பவர் 1665-இல் இறந்தபோது, தாம் சேர்த்து வைத்திருந்த சுமார் ஆயிரம் அரபு, பாரசீக, துருக்கிச் சுவடிகளை அந்த நூலகத்துக்கு எழுதி வைத்தார். பிறகு ஜாவாவும் சுமத்திராவும் ஹாலந்துக்காரர் கைக்குப் போன காலத்தில் மலாய், ஜாவானிய, பூகிஸ் சுவடிகள் பெட்டி பெட்டியாக அங்கே போய்ச் சேர்ந்தன. ‘லா கலிகோ’ என்னும் பூகிஸ் மக்களின் பெருங்காவியம் 12 தொகுதிகளாக அங்கே இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மலாய் இலக்கியத்தை ஆராய்கிறவர்கள் லெய்டன் பெயரைச் சொல்லாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

இப்படிப்பட்ட பெரிய நூலகங்களில் எல்லாப் புத்தகங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாணவர்கள் தாமே அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கும் புத்தகங்கள் ஒரு பக்கம். கதவைப் பூட்டி, வெப்பமும் ஈரமும் ஏறாமல் குளிர்பதனம் செய்து வைத்திருக்கும் அரிய சேகரம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கத்துக்குள் வாசகர் போக முடியாது. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியறையில் காத்திருக்க வேண்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில்தான். மை ஒரு துளி சிந்தினால் முந்நூறு ஆண்டுச் சுவடி கெட்டுப் போகும் அல்லவா? சுவடியைக் கொண்டு வந்து மெத்தை போன்ற ஒரு தாங்கியில் வைப்பார்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை ஓர் அதிகாரியின் கண் உங்கள் மேலேயே இருக்கும். சிலருக்கு இது கெடுபிடியாகப் படும். செல் தின்ற புத்தகத்தை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அப்படிப் படாது.

இந்தச் சேகரத்தில் கீழ்த்திசைச் சுவடி எண் 1687, 1688 என்ற இரண்டு எண்களில் பதிவானவைதான் நம் கதைக்கு உரியவை. ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பெரிய லெய்டன் செப்பேடு, சிறிய லெய்டன் செப்பேடு என்பார்கள். தமிழ்நாட்டில் பெரியதை ஆனைமங்கலச் செப்பேடு என்று சொல்வார்கள். இந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தானம் பெற்ற ஊரின் பெயர் அது. போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் எதற்கு?

செம்புத் தகடு நூலகத்துக்கு எப்படிப் போயிற்று, அது பொருட்காட்சிச் சாலைக்கு அல்லவா போக வேண்டும் என்று கேட்பீர்கள். பார்த்தால் புத்தகம் போலவேதான் இருக்கும். 21 தகடுகள். ஓரத்தில் துளையிட்டு ஒரு பெரிய வளையத்தில் கோத்திருக்கிறார்கள். வளையத்தில் சோழர் முத்திரை. புத்தகத்தைப் புரட்டுவது போல ஒவ்வோர் ஏடாகப் புரட்டலாம். ஆனால் மொத்த எடை சுமார் 30 கிலோ! ஒரு மூட்டை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 ஏடுகளில் வடமொழி, கிரந்த எழுத்தில் 111 வரிகள். மற்ற 16 ஏடுகளில் தமிழ், 332 வரிகள்.

வடமொழிப் பகுதி சூரியனில் தொடங்கிச் சோழ குலத்தைப் பாடிக்கொண்டு வருகிறது. புகழ்ச்சி அதிகம். அதிலும் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சைலேந்திர குலத்தில் பிறந்தவனும், ஸ்ரீவிசயத்தின் தலைவனும், கடாரத்தின் ஆட்சியை உடையவனும், மகரக் கொடி உடையவனுமான மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் மேருவையும் தாழ்த்தும் உயரத்தில் புத்தர் கோயில் எடுத்தான் என்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ படித்த அன்பர்களுக்கு இப்போது சட்டென்று ஞாபகம் வந்திருக்கும். காய்ச்சலோடு அருள்மொழிவர்மன் மறைந்திருந்த சூடாமணி விகாரம் இதுதான். கதையில் அவன் இளவரசனாக இருக்கும்போதே விகாரம் நிற்கிறது. பட்டயக் கணக்கில் அவன் அரியணை ஏறி இருபது ஆண்டுக்குப் பிறகுதான் அது எழுந்துகொண்டிருக்கிறது. கல்கிக்கு இது தெரியாமல் இருந்திராது. கதைக்கு வேண்டியிருந்தது, கட்டிவிட்டார்!

தமிழ்ப் பகுதிக்கு வாருங்கள். புகழ்ச்சி குறைகிறது, கணக்கு தொடங்குகிறது. இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 1006. அந்த ஆண்டின் 92-ஆம் நாள், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இராசாச்ரயன் என்ற மண்டபத்தின் தென்புறத்தில் அரசன் இருந்தபோது வாய்மொழியாக ஆணை பிறந்தது. கடாரத்தரையன் நாகப்பட்டினத்தில் எடுக்கின்ற சூளாமணிவர்ம விகாரத்துப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தோம் என்று அரசன் சொன்னான். சொன்னவுடன் அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஓலை எழுதியவர், ஓலையைச் சரி பார்த்தவர், வரிக் கணக்கில் பதிந்தவர், பதிந்ததை மேற்பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் பெயரோடும் ஊரோடும் நிற்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பெரிய கிராணி, சின்னக் கிராணி, மண்டோர் என்று எத்தனை கை மாறித்தான் ஒரு நாள் பேர் ஏறுகிறது!

நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். பிற்கால அளவில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் 640 ஏக்கருக்குக் குறையாது, நம் பக்கத்து ஒரு நடுத்தர ரப்பர்த் தோட்டம் அளவு. அதிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய நெல் எவ்வளவு தெரியுமா? 8,943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. ஒரு கலத்துக்கு மூன்று தூணி; ஒரு தூணிக்கு நான்கு குறுணி; ஒரு குறுணிக்கு எட்டு நாழி. அப்படியானால் ஒரு கலம் 96 நாழி. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நாழி நெல்லில் கடைசி ஒரு நாழியைக்கூட எழுத மறக்கவில்லை அந்தக் கணக்கர்! பாட்டி காலத்தில் வீட்டில் நாழி வைத்து அரிசி அளந்தது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த நாழிதான் செம்பில் ஏறி ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது.

எல்லை குறித்த விதமும் சுவையானது. ஒரு பெண் யானையை முன்னே நடக்க விட்டு, அதன் பின்னால் ஊராரும் அதிகாரிகளும் எல்லை நெடுகச் சுற்றி வந்தார்கள். போன வழியில் கல் நட்டார்கள், கள்ளிச் செடி வைத்தார்கள். கல்லைப் பெயர்த்தாலும் கள்ளி காட்டிக் கொடுக்கும், கள்ளியை வெட்டினாலும் கல் நிற்கும். இந்த வாய்க்காலுக்கு இப்பால், அந்த ஊர் எல்லைக்கு அப்பால் என்று ஏடு ஏடாகப் போகிறது அந்த எல்லைக் கணக்கு. படிக்கச் சலிப்பாக இருக்கும். நிலத் தகராறு வந்த வீட்டில் இருந்தவர்கள் மட்டும் ஒவ்வொரு வரியையும் ஆவலோடு படிப்பார்கள்.

ஓலையில் எழுதிய ஆணை செம்பில் ஏறியது இராசராசன் காலத்துக்குப் பிறகு. தந்தை கொடுத்த வாக்கு என்றும் நிற்க வேண்டும் என்று அவன் மகன் மதுராந்தகன் செய்வித்தான் என்று வடமொழிப் பகுதி சொல்கிறது. மதுராந்தகன் யார்? இராசேந்திரன்தான். வளையத்து முத்திரையும் அவனுடையதே.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கடாரத்தரசன் கட்டிய பள்ளிக்குத் தந்தை கொடுத்த நிலத்தைச் செம்பில் வெட்டி நிலை நிறுத்திய அதே இராசேந்திரன் 1025-இல் கடலில் கப்பல்களை அனுப்பிக் கடாரத்தின் மேல் படையெடுத்தான். ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் என்று வரிசையாக ஊர்களை வென்றதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான். யானைகளையும் பொருளையும் வித்தியாதர தோரணத்தையும் கொண்டு போனான். ஏன் படையெடுத்தான்? சீனத்துக்குப் போகும் கடல் வழியில் வாணிகப் போட்டி என்பார் பலர். வேறு காரணம் சொல்வாரும் உண்டு. நாம் அதற்குள் போக வேண்டாம். ‘கடாரம் கொண்டான்’ என்று மேடையில் முழங்குகிற நம்மவர்கள் ஆனைமங்கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே என்பதுதான் என் குறை. ‘கொண்டான்’ என்பதற்கு முன்னால் ‘கொடுத்தான்’ என்று ஒன்று இருக்கிறது. கெடாவில் மலாய் நண்பர்களோடு பேசும்போது எதை முதலில் சொல்ல வேண்டும் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சிறிய செப்பேடு சொல்கிறது. மூன்றே தகடுகள், எல்லாம் தமிழ். இராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் முதற் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1090. கடாரத்தரசனிடமிருந்து இரண்டு தூதர்கள் வந்தார்கள். இராசவித்தியாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்பன அவர்கள் பெயர்கள். நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்கித் தாமிர சாசனம் பண்ணித் தர வேண்டும் என்று கேட்டார்கள். குலோத்துங்கன் கொடுத்தான். படையெடுப்பு நடந்து அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் பள்ளி இருந்தது, அதற்கு ஊர்களும் இருந்தன, கடாரத்திலிருந்து அதைக் கவனிக்க ஆளும் வந்தார்கள்.

நாகப்பட்டினத்துக்கும் கெடாவுக்கும் உள்ள வழி அதற்கு முன்பே பழக்கமானதுதான். 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஒருவர் கடாரத்தில் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்ததைச் சீனக் குறிப்பு சொல்கிறது. பின்னாளில் அதே நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் உங்கள் வீடுகளிலும் இருந்திருப்பார்கள். ‘ரஜூலா’ 1973-இல் நின்றது. பிறகு ‘சிதம்பரம்’ ஓடியது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது. கையில் டிரங்குப் பெட்டியோடு அந்தத் துறைமுகத்தில் நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கெடா ராஜா கட்டிய கோயில் ஒன்று அந்த ஊரில் இருந்தது என்று?

தெரிந்திருக்க முடியாது, ஏனென்றால் கோயில் இல்லை. நாகப்பட்டினம் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஹாலந்துக்காரர் கைக்கு மாறியது; 1781-இல் ஆங்கிலேயரிடம் போயிற்று. ஊருக்கு வடக்கே பாழடைந்த செங்கல் கோபுரம் ஒன்று நெடுநாள் நின்றது. கப்பல்காரர்கள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். உள்ளூரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். மாலுமிகளுக்குக் கரை அடையாளம் அதுதான். அது கடாரத்தரசன் கட்டியதா, பின்னால் வேறு யாரும் கட்டியதா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. 1867-இல் ஏசு சபைப் பாதிரிமார் தங்கள் கட்டடத்துக்காக அதை இடிக்க அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் கொடுத்துவிட்டது. 1856 முதல் அப்பகுதியில் மண்ணைத் தோண்டியபோதெல்லாம் வெண்கலப் புத்தர்கள் வெளிவந்தார்கள். மொத்தம் சுமார் 350 சிலைகள். சென்னைப் பொருட்காட்சிச் சாலையிலும் வேறு இடங்களிலும் அவற்றைப் பார்க்கலாம்.

செப்பேடு ஹாலந்துக்காரர் காலத்திலேயே கைமாறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரென்டியஸ் கேம்பர் என்ற ஹாலந்துப் பாதிரியாரிடம் அது இருந்தது. பின்னர் லெய்டனில் கீழ்த்திசை மொழிப் பேராசிரியராக இருந்த ஹாமக்கரிடம் வந்தது. அவர் 1835-இல் இறந்தார். 1862-இல் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யார் யாருக்கு எந்த உரிமையோடு கொடுத்தார்கள் என்று கேட்டால், அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பாரில்லை. ஆனால் நூலகத்துக்குப் போன பிறகு காரியம் நடந்தது. 1886-இல் பர்கெஸ்ஸும் நடேச சாஸ்திரியும் படித்து அச்சிட்டார்கள். பிறகு கே. வி. சுப்பிரமணிய ஐயர் திருத்தமாகப் பதிப்பித்து ‘எபிகிராபியா இண்டிகா’ 22-ஆம் தொகுதியில் வெளியிட்டார். சோழர் வரலாறு எழுதிய ஒவ்வொருவரும் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்கிறார்கள். பூட்டி வைத்தால் மட்டும் போதாது, படித்து அச்சிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்திய அரசாங்கம் செப்பேடுகளைத் திருப்பிக் கேட்டது. விஷயம் யுனெஸ்கோவின் குழு முன்பும் போயிற்று. கேட்டது நியாயமே என்பது என் கட்சி. ஆனைமங்கலம் என்ற ஊர் நாகப்பட்டினத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. அந்த ஊரின் பத்திரம் அந்த நாட்டுக்கு உரியது.

ஆனால் கேட்கிறபோது ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். செபராங் பிறை வட்டாரத்தில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று மதிப்பிடப்பட்ட அதில் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயரும், நடுவே ஒரு தூபியின் உருவமும் இருக்கின்றன. அந்தக் கல் எங்கே போயிற்று? கல்கத்தாவுக்கு. அங்கே இந்தியப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. ஹாலந்திடம் இந்தியா கேட்ட கேள்வியை நாளைக்கு நம் நாடு இந்தியாவிடம் கேட்டால் என்ன பதில் வரும்? இரு பக்கத்துக்கும் ஒரே தராசு வைத்துத்தான் பேச வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். பூஜாங் பள்ளத்தாக்கில் எண் 11 என்று குறிக்கப்பட்டிருந்த பழைய கோயிலின் எச்சத்தை 2013-இல் வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளினார்கள். அது நடந்த பிறகுதான் பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது. 1867-இல் நாகப்பட்டினத்தில் நடந்ததற்கும் இதற்கும் நூற்று நாற்பத்தாறு ஆண்டு இடைவெளி.

ஏட்டுப் பக்கத்தில் நம்மவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் இராம. சுப்பையா தொகுத்த ஒரு பட்டியலை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், பத்திரிகைகளின் பட்டியல் அது. சங்கத்து ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நாலணா விலைக் கவிதைப் புத்தகம் போன்றவற்றை எல்லாம் வெறும் காகிதம் என்று நாம் தூக்கிப் போடுகிறோம். 1887-இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வாரத்தாளை வாங்கிப் படித்தவர்களும் அப்படித்தான் தூக்கிப் போட்டிருப்பார்கள். இன்று அதன் ஓர் இதழைப் பார்க்க ஆராய்ச்சி மாணவர்கள் நூலகத்தில் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் பரண் மேல் பழைய மலர்க் கட்டு ஏதாவது இருந்தால், பேப்பர்க்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பக்கம் என்று குறித்து எழுதுங்கள். பக்கங்களை ஒட்டுத்தாள் போட்டு ஒட்ட வேண்டாம், அது காலப்போக்கில் காகிதத்தையே அரித்துவிடும். இரும்புக் கொக்கிகளைக் கழற்றிவிடுங்கள். நம் நாட்டு ஈரத்துக்குத் துரு பிடித்துத் தாளில் இறங்கும்.

செப்பேட்டைப் பார்க்க முடியாதவர்கள் அந்த விகாரத்தைக் கட்டிய அரசனின் நாட்டையாவது பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் வடக்கே போகிறவர்கள் சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் வழியில் திரும்புங்கள். ஜெராய் மலை அடிவாரத்தில் பொருட்காட்சிச் சாலை இருக்கிறது, 1980-இல் திறந்தது. அதை ஒட்டியே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைக் காணலாம். ஓடை ஓரமாக மேலே ஏற வேண்டும். பாட்டி தாத்தாவை மெதுவாக அழைத்துப் போங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள்.